குட்டி குறைகிறதா? ஜீன் டெஸ்ட்டுக்குக் காசு கட்டும் முன் இதைப் பாருங்கள்

போன ஐப்பசி தொடக்கத்தில் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வெண்பன்றி வளர்க்கிறான், பதினொரு தாய்ப்பன்றி, ஒரே ஒரு ஆண்பன்றி. "ஏனுங்கண்ணா, மூணு பன்னி வரிசையா அஞ்சு, ஆறு, ஆறுன்னு போட்டிருக்குதுங்க. ஜீன் டெஸ்ட்டுன்னு வீடியோவுல சொல்றாங்களே, அதைப் பண்ணிட்டா எது நல்லா குட்டி போடும்னு தெரிஞ்சிருமுங்களா?" என்றான். "நோட்டை எடு சாமி, என்னைக்கு எதை எதோட சேர்த்தேன்னு முதல்ல பாக்கலாம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நோட்டு என்று ஒன்று கிடையாது. சாளைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தானாம், ஆடி நோம்பிக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போய்விட்டது.

இதே கேள்வி மாதத்துக்கு நாலு பேரிடமிருந்து வருகிறது. அதனால் உங்கள் பட்டியில் தெரியும் அறிகுறியை வைத்து எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் மரபணு டெஸ்ட் உண்மையிலேயே உதவும், எந்த இடத்தில் வெறும் காசுச் செலவு என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பன்றிக்குக் காய்ச்சல், கருச்சிதைவு, திடீர்ச் சாவு என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தொடங்கும் முன்: நோட்டும், புளியமரமும்

ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம். காது எண், சேர்த்த தேதி, எந்த ஆண், திரும்பப் பருவத்துக்கு வந்திருந்தால் அந்தத் தேதி, ஈன்ற தேதி, உயிரோடு எத்தனை, செத்துப் பிறந்தது எத்தனை, கருகிக் காய்ந்து வந்தது எத்தனை, பால் மறக்கடிக்கும்போது எத்தனை. "மொத்தம் எட்டு" என்று மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. எட்டும் உயிரோடு வந்தால் கதை வேறு, ஐந்து உயிரோடும் ஒன்று செத்தும் இரண்டு கருகியும் வந்தால் கதை வேறு. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடமே மாறிவிடும்.

அடுத்து, ஜீன் டெஸ்ட்டில் தேடும் மார்க்கர் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம் "புளியமரத்துக்குப் பக்கத்து வீடு" என்று வழி சொல்கிறோம். புளியமரம் வீடு ஆகாது, வீட்டைக் காட்டும் அடையாளம், அவ்வளவுதான். மரபணு மார்க்கர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்: டிஎன்ஏவில் கண்டுபிடிக்கச் சுலபமான ஒரு எழுத்து மாற்றம், அதற்குப் பக்கத்தில் எங்கேயோ உண்மையான காரணம் இருக்கும். நம் ஊரில் அந்த அடையாளம் சரியாக வீட்டைக் காட்டும். அதே அடையாளத்தைச் சொல்லிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால், அங்கேயும் புளியமரம் இருக்கும், பக்கத்தில் வேறு யாரோ குடியிருப்பார்கள். மாற்றமே காரணமாக இருக்கும் மார்க்கர்களும் உண்டு. அவைதான் நம்பகமானவை. கீழே எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறி: எட்டு மாதம் ஆகியும் பருவத்துக்கே வரவில்லை

முதலில் ஆண்பன்றியின் வாடை படுகிறதா என்று பாருங்கள். பத்து மாதம் தாண்டிய ஆண் வாயில் நுரை தள்ளிக்கொண்டு வருமே, அந்த எச்சில் வாடைதான் பெண்பன்றியைத் தூண்டும். ஆறு மாத வயதிலிருந்து தினமும் கால் மணி நேரம் ஆணை நேருக்கு நேர் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆண் இல்லாமல் சினை ஊசியை மட்டும் நம்பி நடத்தும் பட்டிகளில் பருவம் வந்து போவதே தெரியாமல் போகிறது. முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துங்கள். காதை விறைத்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றால் பருவம். இளம் பன்றிக்கு இது ஒன்று, ஒன்றரை நாள்தான் நிற்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்காதவர்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் தீனி. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைத் திப்பி மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே மூன்று வேளையும் கொட்டுகிறார்கள். திப்பியில் மாவுச்சத்து இருக்கும், புரதம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பன்றி உருண்டு திரண்டு இருக்கும், பருவம் மட்டும் வராது. புண்ணாக்கோ சோயாவோ சேர்க்காமல் வெறும் திப்பியில் வளர்த்துவிட்டு ஜீனைக் குறை சொல்லக் கூடாது.

நேர் எதிராக, மூன்று நாலு மாதப் பெண்குட்டிகளுக்கே பிறப்புறுப்பு சிவந்து வீங்கினால் அது பருவம் கிடையாது. மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அது விடும் நஞ்சு பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்கிறது. ஜியரலினோன் என்று பெயர். சோளத்தை மாற்றுங்கள், வடிந்துவிடும்.

இதில் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. வெளியே பெண் மாதிரி இருக்கும், உள்ளே விதை இருக்கும். பிறப்புறுப்பின் நுனி கொக்கி மாதிரி மேலே திரும்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். அது என்றைக்கும் சினை நிற்காது, கறிக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒரே ஆணின் குட்டிகளில் இப்படி இரண்டு மூன்று வந்தால் அந்த ஆணையும் சேர்த்து அனுப்புங்கள்.

அறிகுறி: சேர்த்தது நிற்கவில்லை, திரும்பிவிட்டது

எத்தனையாவது நாள் திரும்பியது? இந்த ஒரு எண் போதும். 18 முதல் 24 நாளுக்குள் என்றால் கரு தரிக்கவே இல்லை: சேர்த்த நேரம் தப்பு, அல்லது விந்து தப்பு. 25 நாளுக்கு மேல், ஒரு மாதம் வாக்கில் என்றால் கரு தரித்து அப்புறம் செத்திருக்கிறது. பன்றியில் ஒரு வினோதம், முதல் இரண்டு வாரத்துக்குள் குறைந்தது நாலு கருவாவது உயிரோடு இருந்தால்தான் தாயின் உடம்பு "சரி, சினை" என்று ஒத்துக்கொள்ளும். மூன்று கரு மட்டும் இருந்தால் அந்த மூன்றையும் கைவிட்டுவிட்டுப் பருவத்துக்குத் திரும்பிவிடும். அதனால்தான் பசுவைப் போல ஒரே குட்டி, இரண்டு குட்டி என்று பன்றி ஈனுவதை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

சினை ஊசிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பன்றி விந்தை வைக்க வேண்டியது 16 முதல் 18 டிகிரிக்குள். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி. அந்தக் குளிரில் பன்றியின் உயிரணு செத்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் முறை வாங்கிய நாலு குப்பியையும் பத்திரமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த புத்திசாலி நான்தான். நாலு பன்றியும் 21-ஆம் நாள் கடிகாரம் வைத்த மாதிரி திரும்பின. மாட்டுக்கு உறைவிந்து நைட்ரஜனில் இருப்பதைப் பார்த்துப் பழகிய மனம், குளிர் என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டது. இப்போது தெர்மாகோல் பெட்டி, ஈரத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில், உள்ளே ஒரு தெர்மாமீட்டர்.

இந்த அறிகுறிக்கு மரபணு டெஸ்ட் எதுவும் வேண்டாம்.

அறிகுறி: குட்டி எண்ணிக்கை குறைவு

இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு தாயா, பல தாயா, ஒரே ஆணோடு சேர்ந்தவையா என்று முதலில் பிரியுங்கள்.

ஒரே தாய் மட்டும் என்றால் எத்தனையாவது ஈத்து என்று பாருங்கள். தலையீத்தில் குறைவாகத்தான் போடும். மூன்றிலிருந்து ஐந்தாம் ஈத்து வரை உச்சம், ஆறு ஏழுக்கு மேல் இறங்குமுகம். இரண்டாம் ஈத்து தலையீத்தைவிடக் குறைந்தால் பதற வேண்டாம், முதல் பால் கொடுப்பில் உடம்பு வற்றிப்போயிருக்கும். பால் கொடுக்கும்போது தீனியைக் கூட்டாததற்கான பில் அது, அடுத்த ஈத்தில் வருகிறது. மூன்று வாரம் ஆகும் முன்பே குட்டியைப் பிரித்துவிட்டாலும் அடுத்த ஈத்து சிறுக்கும், கருப்பை பழைய நிலைக்கு வர நேரம் வேண்டும் இல்லையா.

பல தாய்கள், ஒரே காலத்தில் என்றால் பின்னோக்கி 114 நாள் எண்ணுங்கள். சினைக்காலம் மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள். நம் தம்பியின் மூன்று பன்றியும் ஈன்ற நாளிலிருந்து எண்ணினோம், ஆனி இரண்டாம் வாரத்துக்குப் போய் நின்றது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆணின் விதையில் ஓர் உயிரணு உருவாகி, பக்குவப்பட்டு, வெளியே வர ஒன்றரை மாதம் ஆகும். ஆனியில் சேர்த்த விந்து கத்திரி வெயிலில் தயாரானது. காங்கேயம், கரூர், ஈரோடு வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்ற ஆணின் விதையில் அப்போது வெந்தது, ஆனியில் பாலக்காட்டுக் காற்று வந்து எல்லாம் குளிர்ந்த பிறகு விந்தாக வெளியே வருகிறது, தீபாவளி நேரத்தில் ஐந்து குட்டியாகப் பிறக்கிறது. அந்த நேரம் வெயில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, தாயின் மேல் பழி போடுவார்கள். ஐந்து மாதத்துக்கு முந்தைய வெயிலுக்கு இன்றைக்கு நிற்கும் பன்றியிடம் மரபணு டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

ஒரே ஆணோடு சேர்ந்த எல்லாத் தாய்க்கும், எந்த மாதமானாலும், எண்ணிக்கை பாதியாக இருக்கிறதா? அதே தாய்கள் வேறு ஆணோடு சேர்ந்தபோது நன்றாகப் போட்டனவா? இதை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். பன்றிக்கு 38 குரோமோசோம், டிஎன்ஏவைச் சுருட்டி வைத்த மூட்டைகள் மாதிரி. சில ஆண்களில் இரண்டு குரோமோசோம்கள் துண்டு உடைந்து ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டியிருக்கும். ஆணுக்கு எந்தக் குறையும் தெரியாது, நன்றாக ஏறும், விந்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓடும், அழகாக இருக்கும். ஆனால் அது கொடுக்கும் உயிரணுக்களில் ஏறக்குறைய பாதி ஒரு துண்டு அதிகமாகவோ குறைவாகவோ கொண்டிருக்கும், அந்தக் கருக்கள் ஆரம்பத்திலேயே கரைந்துவிடும். ஈத்து கிட்டத்தட்ட பாதியாகும். பிழைத்த குட்டிகளில் பாதிப் பேருக்கு இதே கோளாறு இறங்கும் என்பது இன்னும் மோசம், அதிலிருந்து பெண்குட்டி எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறையும் போச்சு. இதற்கான டெஸ்ட் குரோமோசோம் படம் எடுப்பது. மார்க்கர் டெஸ்ட்டில் இது தெரியாது. ரத்தம் எடுக்கும் குழாயும் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஐரோப்பாவில் சினை ஊசி மையத்துக்கு வரும் ஆண்களுக்கு இந்தப் படம் எடுத்துப் பார்க்கும் வழக்கமே உண்டு. நமக்கு அதிகச் செலவில்லாத வழி: ஆணை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது நம்மவர்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம். நாம் ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டோம், பங்காளி முறை என்போம், தெரியாமல் பேச்சு எடுத்தாலே பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் பன்றி வாங்கப் போனால் ஒரே பண்ணையில், ஒரே கொட்டிலில், பத்துப் பெண்ணும் ஒரு ஆணும் பிடித்து ஒரே வண்டியில் ஏற்றி வருகிறோம். அண்ணன் தங்கை. அதிலும் ஒரு படி மேலே போய், அந்த ஆண் இருக்கும்போதே அதன் மகளையும் அதனோடு விடுகிறோம். அண்ணன் தங்கையானாலும் அப்பன் மகளானாலும் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச்சேர்க்கை அளவு 25 சதவீதம். ஈத்துச் சிறுக்கும், குட்டி நோஞ்சானாகும், பால் மறக்கும் முன் சாகும். தம்பியிடம் கேட்டேன், "அந்தக் கிடா எங்கே வாங்குனது?" "பொட்டைங்க வாங்குன எடத்துலயேதானுங்கண்ணா, ஒண்ணு ஃப்ரீயா குடுத்தாங்க." சரிதான்.

இத்தனையும் பார்த்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் "குட்டி எண்ணிக்கை ஜீன்".

இது வந்த கதை சுவாரசியமானது. சீனாவில் தைஹு ஏரிப் பக்கத்தில் மெய்ஷான் என்று ஒரு பன்றி. முகமெல்லாம் சுருக்கம், காது தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும், மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வரும், பதினான்கு பதினைந்து குட்டி சாதாரணமாகப் போடும். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து மேக்ஸ் ரோத்ஸ்சைல்ட் குழு 1996-இல், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில், சுருக்கமாக இஎஸ்ஆர் என்பார்கள், ஒரு எழுத்து மாற்றத்தைக் காட்டியது. மெய்ஷான் ரத்தம் கலந்த பன்றிகளில் நல்ல வகை இரண்டு பிரதி (தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று) இருந்தால், ஒன்றுமே இல்லாததைவிட முதல் ஈத்தில் இரண்டு குட்டிக்கு மேல் கூடுதல். உலகம் முழுக்க எல்லாரும் துள்ளினார்கள். டெஸ்ட்டும் எளிது: அந்த இடத்தை பிசிஆர் என்ற படியெடுக்கும் முறையில் பெருக்கி, டிஎன்ஏவை வெட்டும் பிவியு-2 என்ற நொதியைப் போட்டால், ஒரு வகை வெட்டுப்படாமல் 120 எழுத்து நீளத்தில் ஒரே கோடாக நிற்கும், இன்னொரு வகை 65, 55 என்று இரண்டாக விழும். இரண்டும் கலந்த பன்றிக்கு மூன்று கோடு. ஜெல்லில் அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, இதோ குட்டி எண்ணிக்கை கண்ணுக்கே தெரிகிறது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது புளியமரம். அந்த வெட்டும் இடம் புரதத்தை மாற்றுவதில்லை, பக்கத்தில் எதையோ காட்டுகிறது. நாம் வளர்க்கும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனத்தில் பார்த்தபோது ஒரு பிரதிக்கு அரைக் குட்டிக்கும் குறைவாகச் சுருங்கியது. வேறு சில பட்டிகளில் ஒன்றுமே தெரியவில்லை, சிலவற்றில் தலைகீழாக மற்ற வகைதான் அதிகம் போட்டது. புரோலாக்டின் ஏற்பி, ரெட்டினால் கடத்தும் புரதம் என்று பின்னால் வந்த மார்க்கர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

குட்டி எண்ணிக்கையில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் பங்கு நூற்றுக்குப் பத்துதான், மீதி தீனி, வெயில், ஆண், நேரம், அதிர்ஷ்டம். அந்தப் பத்தும் ஒரு ஜீனில் இல்லை, நூற்றுக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே பன்றி இந்த ஈத்தில் 12, அடுத்த ஈத்தில் 8 போடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பத்துப் பன்றி வைத்திருக்கும் பட்டியில் முன்னும் பின்னும் இப்படி இரண்டு மூன்று குட்டி ஆடும்போது, ஒரு மார்க்கர் கொடுக்கும் கால் குட்டியை எங்கே போய்ப் பிடிப்பது? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பஞ்சு எந்தப் பக்கம் போனது என்று தேடுகிற கதை.

பெரிய கம்பெனிகள் இதை வேறு மாதிரி செய்கின்றன. 2009 வாக்கில் இல்லுமினா என்ற கம்பெனியின் டிஎன்ஏ படிக்கும் சிப் ஒன்று வந்தது, ஒரே தடவையில் 60,000 மார்க்கருக்கு மேல் படிக்கும். 2012-இல் பன்றியின் முழு மரபணு வரிசையும் வெளியானது. டுராக் இனத்துப் பெண்பன்றி ஒன்றின் டிஎன்ஏ அது, பெயர் டபாஸ்கோ. அந்த மிளகாய் சாஸின் பெயர்தான். இப்போது எந்தத் தனி ஜீனையும் துரத்தாமல், ஆயிரக்கணக்கான பன்றிகளின் சிப் கணக்கையும் ஈத்துக் கணக்கையும் ஒன்றாகப் போட்டு மதிப்பெண் கொடுக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் அடியில் இருப்பது அந்த ஆயிரக்கணக்கான ஈத்துகளின் நோட்டு. அது இல்லாமல் சிப் ஊமை.

ஆக, சின்னப் பட்டிக்காரர் செய்ய வேண்டியது: மூன்று ஈத்துச் சராசரி பத்துக்கு மேல் உள்ள தாயின் பெண்குட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் நல்ல காம்பு இருக்கிறதா என்று மல்லாத்திப் போட்டு எண்ணுங்கள். காம்பு எண்ணிக்கை குட்டி எண்ணிக்கையைவிட நன்றாக இறங்கும். ஆணை வேறு மாவட்டத்திலிருந்து வாங்குங்கள்.

அறிகுறி: கருகிக் காய்ந்த குட்டிகள்

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு கருவில் எலும்பு பிடித்துவிடும், அதன் பின் செத்தால் கரையாமல் காய்ந்து பழுப்பாக வரும். வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள், அருவருப்புப் படாமல். சுண்டுவிரல் அளவு ஒன்று, கைநீளம் ஒன்று, நடுவில் ஒன்று என்று படிப்படியாக இருந்து, தாயும் ஆரோக்கியமாக இருந்தால், முதல் சந்தேகம் பார்வோ வைரஸ். கருப்பைக்குள் ஒரு குட்டியிலிருந்து பக்கத்துக் குட்டிக்கு மெதுவாகப் பரவுவதால்தான் இந்தப் படிக்கட்டு. இளம் பன்றிகளில்தான் அதிகம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் இப்படிக் காட்டும். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசுவால் பரவுவது, கீழ்பவானிப் பாசனத்தில் வயலோரம் பட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது மனிதனுக்கும் வரும். நம் நாட்டில் 1955-இல் முதலில் தெரிந்ததே வேலூரில்தான்.

மரபணுக் காரணமும் இருக்கிறது. பிபிஎஸ்-9 என்ற ஜீனில் பெரிய துண்டு ஒன்று விடுபட்ட லார்ஜ் ஒயிட் வரிசை ஒன்றை 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். விடுபட்ட வகை ஒரு பிரதி மட்டும் உள்ள பன்றி மற்றதைவிட வேகமாக வளரும், அதனால் எல்லாரும் அதையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு பிரதி உள்ள ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குட்டிகளில் நாலில் ஒரு பங்கு சினையின் பிற்பகுதியில் செத்துக் கருகும். நல்ல வளர்ச்சி என்று நாம் கொண்டாடும் குட்டியே ஒளித்து வைத்திருக்கும் கெடுதல். நம்மிடம் இது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆணும் குறிப்பிட்ட குடும்பத்துத் தாய்களும் சேரும்போது மட்டும், நோயும் இல்லாமல், திரும்பத் திரும்பக் கருகினால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள்.

கருச்சிதைவு என்றால் வேறு கதை. எலி மூத்திரத்தில் வரும் லெப்டோ, அப்புறம் புருசெல்லா, இந்த இரண்டு கிருமியும் மனிதனைப் பிடிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். காய்ச்சலோடு பெரிய பன்றிகளும் சாக ஆரம்பித்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். 2020-இல் அசாமில் நுழைந்து, 2022-இல் வயநாட்டுக்கு வந்து, 2023-இல் முதுமலைக் காட்டுப்பன்றி வரை எட்டிப்பார்த்த வியாதி அது. ஓட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் போடுகிறவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கவும்.

அறிகுறி: முழு வளர்ச்சியோடு செத்துப் பிறக்கிறது

நுரையீரலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிறந்து மூச்சு விட்டபின் செத்தது, தாய் நசுக்கியதாகக்கூட இருக்கலாம். மூழ்கினால் உள்ளேயே போய்விட்டது. ஈத்து நீண்டு இழுத்தால், தாய் கிழடானால், அளவுக்கு மேல் கொழுத்திருந்தால், கொட்டில் அனலாக இருந்தால் இது நடக்கும். அவசரப்பட்டு, ஈனும் வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் ஊசியை மேலே மேலே போடுவதும் குட்டியைக் கொல்லும். டெஸ்ட்டுக்கு இங்கே வேலை இல்லை.

அறிகுறி: சேர்க்கும்போதோ வண்டி ஏற்றும்போதோ நடுங்கி விழுந்து சாகிறது

இந்த இடத்தில் மரபணு டெஸ்ட் காசுக்கு ஏற்ற வேலை செய்யும். வால் நடுங்கும், வெள்ளைத் தோலில் சிவப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், மூச்சு இரைக்கும், உடம்பு கொதிக்கும், கால் விறைக்கும். செத்த சில நிமிடத்தில் மரக்கட்டை. கறி வெளுத்துத் தண்ணீர் விடும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். ஆர்ஒய்ஆர்-1 என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 615-ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் வந்து உட்கார்வதுதான் காரணம். 1991-இல் கனடாக்காரர்கள் கண்டுபிடித்தது. இங்கே அந்த மாற்றமே காரணம், அடையாளம் வேறு வீடு வேறு என்ற பேச்சே இல்லை. அதனால் எந்த ஊரில், எந்த இனத்தில் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். பியட்ரான் இனத்தில் நிறைய, சில லேண்ட்ரேஸ் வரிசைகளிலும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: சித்திரை மத்தியானத்தில் பத்துப் பன்றியை டெம்போவில் திணித்து இரண்டு செத்தால் அது ஜீன் அல்ல, நம் புத்தி. பன்றிக்கு வியர்க்காது. விடியற்காலையில், குளிரான மாதத்தில், ஒரே குடும்பத்துப் பன்றிகளுக்கு நடந்தால் டெஸ்ட்டுக்குப் போங்கள். இரண்டு பிரதி உள்ளதை வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒரு பிரதி உள்ளது பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதை ஆணாக வைத்தால் பட்டி முழுக்க விதைத்த மாதிரி.

அறிகுறி: ஆண் ஏறுகிறது, ஒன்றுமே நிற்கவில்லை

ஒரு சொட்டு விந்து, மைக்ரோஸ்கோப், ஐந்து நிமிடம். உயிரணு குறைவு, செத்தது அதிகம் என்றால் வெயில் அல்லது காய்ச்சல், இரண்டு மாதம் ஓய்வு கொடுத்துத் திரும்பப் பாருங்கள். எல்லாமே உயிரோடு, ஆனால் ஒன்றுகூட நீந்தவில்லை, வால் கட்டையாக இருக்கிறது என்றால் பிறவிக் கோளாறு. பின்லாந்து யார்க்‌ஷயர் ஆண்களில் கேபிஎல்-2 என்ற ஜீனில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து டெஸ்ட் வைத்தே அப்புறப்படுத்தினார்கள். நீங்கள் டெஸ்ட் வரை போக வேண்டாம், மைக்ரோஸ்கோப் சொன்னதே போதும்.

குடலிறக்கம், ஒற்றை விதை, ஆசனவாய் இல்லாமல் பிறப்பது எல்லாம் பல ஜீன் சேர்ந்து செய்யும் வேலை, தனி டெஸ்ட் சரிப்படாது. அந்த ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீர்கள். ஒரே ஆணுக்கு மூன்று தாயிடமும் வந்தால் ஆணை விற்றுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டெஸ்ட் எடுத்தே தீருவேன் என்றால்

எந்த ஜீன், எதற்காக என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். "எல்லா ஜீனும் பாருங்க" என்றால் யாராவது பார்த்து பில் மட்டும் கொடுப்பார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம், முதலில் அங்கே விசாரியுங்கள். டிஎன்ஏ மட்டும் வேண்டுமென்றால் ஊதா மூடிக் குழாயில் ரத்தம், அல்லது முதுகு ரோமத்தை வேரோடு பிடுங்கி முப்பது மயிர் ஒரு காகித உறையில். வேர் இல்லாத மயிர் குப்பை. பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குரோமோசோம் படத்துக்குப் பச்சை மூடிக் குழாய். அதற்கு உயிருள்ள செல் வேண்டும், ஆகவே உறைய வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். ஒவ்வொரு உறையிலும் காது எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். முடிவு வரும்போது எது எந்தப் பன்றி என்று தெரியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மார்க்கர் எந்த இனத்தில், எத்தனை ஈத்தில் பார்த்துச் சொன்னது? பதில் மெய்ஷான் என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

வெள்ளகோவில் தம்பி டெஸ்ட் எடுக்கவில்லை. பழைய ஆணை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சம்பந்தமே இல்லாத ஒன்றை வாங்கி, வேப்பமரத்தடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, வெயில் காலத்தில் மத்தியானம் ஈரச் சாக்கு தொங்கவிட்டான். அதே மூன்று பன்றியில் இரண்டு அடுத்த ஈத்தில் பத்தும் பதினொன்றும் போட்டன. மூன்றாவது மறுபடியும் ஆறு. அது ஏன் என்று எனக்கும் பிடிபடவில்லை, அவனுக்கும் பிடிபடவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினான், காது எண்ணுக்கு நேரே "கறிக்கு" என்று எழுதியிருந்தது.